துருப்பிடிக்காது… சரி, ஊறாதா?

(மூன்றாம் ஆண்டு, கட்டடப் பொறியியல் பிரிவு)

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் "ஏதாவது சமுதாயச் சிந்தனையா எழுதிக் குடுடா" என்றுதான் கேட்டார்கள். காதல், நட்பு, தாய்நாடு பற்றியெல்லாம் எழுத நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் எழுதப் போவது ஃபைபர் பற்றி. அதாவது இழையையும் ரெசினையும் சேர்த்துச் செய்கிற எஃப்.ஆர்.பி. அது குளிரிலும் ஈரத்திலும் எத்தனை நாள் தாங்கும் என்பது பற்றி. உடனே பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள் நண்பர்களே! இதிலும் நாலு பேர் பிழைப்பு அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஃபைபர் என்றதும் நம்மில் பாதிப் பேர் ஹாஸ்டல் மொட்டைமாடியில் உள்ள கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கைகாட்டுகிறார்கள். அது ஃபைபர் இல்லீங்க, வெறும் பாலிஎதிலீன். அதில் இழையே கிடையாது. மீன்பிடிப் படகு, காற்றாலை இறக்கை, பஸ்ஸின் முன்முகப்பு, சில பாலங்களில் இரும்புக்குப் பதிலாகப் போடுகிற கம்பி, இவைதான் நான் சொல்கிற ஃபைபர்.

இதை விற்கிறவரிடம் போய்க் கேட்டால் எல்லோரும் ஒரே பல்லவிதான் பாடுவார்கள். "துருவே பிடிக்காது சார், லைஃப் லாங்!" நம் வகுப்பிலும் ஏறக்குறைய அதையேதான் படிக்கிறோம். எடை குறைவு, வலிமை அதிகம், அரிப்பு இல்லை. மூன்று பாயிண்ட் எழுதினால் மூன்று மார்க். அந்த வலிமை எண் எப்போது எடுத்தது? உலர்ந்த துண்டை, ஏ.சி. அறையில், செய்த புதிதில் இழுத்துப் பார்த்து எடுத்தது. அதே துண்டு பத்து வருஷம் தண்ணீரில் கிடந்து, ராத்திரி உறைந்து, காலையில் இளகி, மறுபடி உறைந்தால் என்ன ஆகும் என்று எந்தக் கேள்வித்தாளும் நம்மைக் கேட்டதில்லை. துருப்பிடிக்காது என்பது சத்தியம்தான். ஆனால் துரு இரும்புக்கு வருகிற வியாதி. ஃபைபருக்கு வருகிற வியாதிகள் வேறு.

தண்ணீர் ரெசினுக்குள் போகும். ஓட்டை வழியாகத்தான் போகவேண்டும் என்றில்லை. மூலக்கூறு மூலக்கூறாக, பாலிமர் சங்கிலிகளின் இடுக்கில் நுழைந்து போய்விடும். வெறும் எபாக்சிக் கட்டியை மாதக்கணக்கில் ஊறப் போட்டால் தன் எடையில் இரண்டு மூன்று சதவீதம்கூடக் குடிக்கும். குடித்தால் கொஞ்சம் உப்பும், கொஞ்சம் இளகும். விறைப்பாக இருந்த ரெசின் எந்த வெப்பநிலையில் தளர ஆரம்பிக்குமோ, அந்த வெப்பநிலையே கீழே இறங்கிவிடும். பாலியெஸ்டர் ரெசினாக இருந்தால் அதிலுள்ள எஸ்டர் பிணைப்புகளைத் தண்ணீர் மெதுவாக அறுக்கவும் செய்யும். வினைல் எஸ்டரில் அந்தப் பிணைப்புகள் குறைவு, அதனால் கூடுதலாகத் தாக்குப் பிடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் இழைக்கும் ரெசினுக்கும் நடுவே உள்ள பிடிமானம். அங்கே தண்ணீர் குடியேறிவிட்டால் இழையும் ரெசினும் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி மாதிரிதான். ஒரே வீட்டில் இருப்பார்கள், சுமையைச் சேர்ந்து தூக்க மாட்டார்கள்.

குளிர் இதோடு சேரும்போது கதை கொஞ்சம் சிக்கலாகிறது. ஒரு டிகிரி குறைந்தால் ஒரு மீட்டர் எபாக்சி 50, 60 மைக்ரான் சுருங்கும். கண்ணாடி இழை சுமார் 5 மைக்ரான்தான் சுருங்கும். கரி இழையோ சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். ஒன்று சுருங்கப் பார்க்கிறது, மற்றது விடமாட்டேன் என்கிறது. குளிரில் ரெசின் மொறுமொறுப்பாக வேறு ஆகிவிடுவதால் உள்ளுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அடுத்தது உறைதல். தண்ணீர் பனிக்கட்டியானால் கன அளவு 9 சதவீதம் கூடும். பிரிட்ஜில் மூடி இறுக்கி வைத்த கண்ணாடி பாட்டில் வெடித்ததைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ஒரு விஷயம் இங்கே கவனிக்க வேண்டும். ரெசினின் சங்கிலிகளுக்கு நடுவே மூலக்கூறாகக் கரைந்து நிற்கிற தண்ணீரில் பெரும்பகுதி உறைவதில்லை. கட்டியாக உறைய அதற்கு இடம் வேண்டும். காற்றுக் குமிழி விட்டுப்போன இடம், கீறல், ரோலர் சரியாகப் போடாத இடம், ஒட்டாமல் போன விளிம்பு… இங்கெல்லாம் தேங்கிய தண்ணீர்தான் உறைந்து ஆப்பு வைக்கும். நல்லா செய்த லேமினேட்டுக்குள் பனிக்கட்டிக்கு உட்கார இடமே இல்லை. அப்படியென்றால் குளிரையும் ஈரத்தையும் தாங்குவது யார் கையில் இருக்கிறது? ரெசின் கம்பெனி கையிலா, பட்டறையில் ரோலர் பிடிக்கிறவர் கையிலா? என் கட்சி இரண்டாவது. அதற்கு ஆதாரம் நம் ஊரில் கிடைக்காது. பனி பெய்கிற ஊருக்குத்தான் போக வேண்டும்.

கனடாவில் குளிர்காலம் வந்தால் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீர் பாலத்தின் தளத்துக்குள் இறங்கி இரும்புக் கம்பியைத் தின்னும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும், கான்கிரீட் பிளந்துகொண்டு வரும். இது அவர்களுக்குத் தீராத தலைவலி. 1993-இல் கால்கரி நகரில் பெடிங்டன் டிரெயில் பாலத்தில் கரி இழைத் தந்திகளால் முன்தகைப்பு கொடுத்தார்கள். 1995-இல் வின்னிபெக்கின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாக வைத்து 'ஐசிஸ் கனடா' என்ற ஆய்வு வலையமைப்பு ஆரம்பித்தது. வின்னிபெக் பக்கம் குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரி என்பது நம் ஊர்க் கத்திரி வெயில் மாதிரி. யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். 1997-இல் கியூபெக் மாகாணத்தின் ஷெர்ப்ரூக்கில் ஜோஃப்ரே பாலம், 1999-இல் நோவா ஸ்கோஷியாவில் ஹால்ஸ் ஹார்பர் என்ற இடத்துப் படகுத்துறை, இப்படி ஒவ்வொன்றாகக் கண்ணாடி இழைக் கம்பி போட்டுக் கட்டினார்கள்.

அந்தப் படகுத்துறையைக் கொஞ்சம் மனசில் ஓட்டிப் பாருங்கள். அது ஃபண்டி விரிகுடாவில் இருக்கிறது. உலகத்திலேயே மிக அதிகமான ஓத ஏற்ற இறக்கம் உள்ள விரிகுடா. கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை பல மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. ஏறும்போது உப்புத் தண்ணீரில் ஊறல், இறங்கும்போது குளிர்காற்றில் உறைதல். ஃபைபருக்கு இதைவிடக் கடுமையான பரீட்சையை எந்த லேபில் வைக்க முடியும்?

இதே காலத்தில் ஆய்வகங்களில் இருந்து வந்த செய்தி நேர் எதிர். கான்கிரீட்டுக்குள் இருக்கிற ஈரம் கடுமையான காரம், பி.எச். 13-ஐ ஒட்டி இருக்கும். கண்ணாடிக்குக் காரம் ஆகாது. காரக் கரைசலை 60 டிகிரிக்குச் சூடாக்கி அதில் கம்பியை மாதக்கணக்கில் ஊற வைத்து இழுத்துப் பார்த்தார்கள். வலிமை சரிந்தது. உடனே "கண்ணாடி இழைக் கம்பியைக் கான்கிரீட்டில் நம்பிப் போடாதே" என்று ஒரு கூட்டம் சொல்ல ஆரம்பித்தது.

சரி, கட்டி முடித்த பாலத்தையே கேட்டுவிடலாம் என்று ஐசிஸ் முடிவு செய்தது. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், ஐந்து முதல் எட்டு வயதான ஐந்து கட்டமைப்புகளில் இருந்து துளை போட்டு உருளை உருளையாகக் கான்கிரீட்டைக் கம்பியோடு வெட்டி எடுத்தார்கள். ஹால்ஸ் ஹார்பரும் ஜோஃப்ரே பாலமும் அதில் உண்டு. வெவ்வேறு பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனியாக அனுப்பி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். காரம் இழைக்குள் புகுந்த அடையாளம் இல்லை. ரெசின் சிதையவில்லை. இழைக்கும் ரெசினுக்கும், கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் பிடிப்பு நன்றாகவே இருந்தது. 2006-இல் வந்த கனடா நெடுஞ்சாலைப் பால விதித்தொகுப்பு கண்ணாடி இழைக் கம்பியை முதன்மைக் கம்பியாகவே போடலாம் என்று அனுமதித்தது. அன்றாடச் சுமையில் கம்பியின் இழுவலிமையில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்ற கடிவாளத்தோடுதான்! பிறகு அமெரிக்காவில் 15 முதல் 20 ஆண்டு ஓடிய 11 பாலங்களிலும் இதே மாதிரி துளைத்து எடுத்துப் பார்த்தார்கள். அங்கும் பயப்படும்படி ஒன்றும் இல்லை.

லேப் ஏன் பயமுறுத்தியது, பாலம் ஏன் சிரித்தது? வேதிவினைக்கு வெப்பம்தான் வேகம். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பிளஸ் டூவிலேயே படித்தோம். 60 டிகிரிக் கரைசலில் நடப்பது, வருஷத்தில் பாதி நாள் உறைநிலையை ஒட்டிக் கிடக்கிற பாலத்துக்குள் நத்தை வேகத்தில்தான் நடக்கும். அதுவும் பாலத்தின் கான்கிரீட் எப்போதும் ஊறிக் கிடப்பதில்லை. ஆக, குளிர் ஒரு வகையில் ஃபைபருக்குக் காவல்காரன். ஊறலின் வேகத்தையே அது குறைத்துவிடுகிறது. குளிரைக் கண்டு பயப்பட வேண்டியது இடுக்கும் குமிழியும் உள்ள லேமினேட்தான். பெரிய தொழிற்சாலையில் இழுத்துச் செய்த கம்பியில் அவை குறைவு.

இதற்கு மறுப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். துளைத்து எடுத்த உருளைக்குள் கிடைப்பது துண்டுக் கம்பி. அதை மெஷினில் மாட்டி இழுத்து வலிமை பார்க்க முடியாது. எட்டு வருஷ நலத்தை வைத்து, 75 ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கிற பாலத்துக்கு உத்தரவாதம் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்காக 60 டிகிரி வெந்நீரை வைத்துத் தீர்ப்பு எழுதுவதும் நியாயம் ஆகிவிடாது. இரண்டில் ஒன்றை நம்பச் சொன்னால், நான் துளைத்து எடுத்த கம்பியைத்தான் நம்புவேன்.

கடலிலும் ஒரு சாட்சி இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் 'வில்டன்'. 1972-இல் நீரில் இறக்கி 1973-இல் சேவைக்கு வந்த கண்ணிவாரிக் கப்பல். உலகின் முதல் ஃபைபர் போர்க்கப்பல் அதுதான். காந்தக் கண்ணிவெடிக்கு இரும்பு ஆகாது என்பதால் உடம்பு முழுக்கக் கண்ணாடி இழை. கழித்துப்போட்ட ஒரு பழைய கப்பலின் இயந்திரங்களையே இதில் பொருத்தினார்களாம். நம்ம ஊர் லாரிக்காரர்கள் புத்தியேதான்! 1994 வரை சேவையில் இருந்தது. அதன் பிறகும் உடைக்கவில்லை. தேம்ஸ் முகத்துவாரத்தில் ஒரு படகுக் கழகத்தின் கிளப் கட்டடமாகவே ஆக்கிக்கொண்டார்கள். இரும்பு தோற்கிற குளிர்ந்த ஈரத்தில் ஃபைபர் நின்றிருக்கிறது.

அப்படியானால் கெட்டுப்போகிற ஃபைபரெல்லாம் எங்கே இருந்து வருகிறது? செய்கிற இடத்தில் இருந்துதான். பழுதடைந்த கான்கிரீட் தூணுக்கு எபாக்சி தடவிக் கரி இழைத் துணி சுற்றுகிறார்கள் அல்லவா, அந்த வேலையைக் குளிரில் செய்து பாருங்கள். 10 டிகிரிக்குக் கீழே சாதாரண எபாக்சி சோம்பிவிடும். 5-க்குக் கீழே அது இறுகும் என்று எதிர்பார்ப்பதே தப்பு. காற்றில் ஈரமும் இருந்தால் ஹார்ட்னரில் உள்ள அமீன், காற்றின் கார்பன் டை ஆக்சைடோடும் ஈரத்தோடும் சேர்ந்து மேலே எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு படலம் போடும். வெந்நீர் விட்டுக் கழுவித் துடைக்காமல் அடுத்த அடுக்கை அதன் மேல் ஒட்டினால் ஒட்டாது. பார்க்க ஒட்டின மாதிரி இருக்கும். முதல் குளிர்காலம் வந்து உறையும்போதுதான் சாயம் வெளுக்கும். அதனால்தான் குளிர்நாட்டு சைட்டில் தூணைச் சுற்றிக் கூடாரம் அடித்து ஹீட்டர் வைத்து வேலை பார்க்கிறார்கள். குறை சொல்லப்படுவது என்னவோ மெட்டீரியல்தான்.

படகுகளில் வருகிற கொப்புளமும் அதே ஜாதி. ஜெல்கோட்டுக்கு அடியில் வினையாகாமல் மிச்சமிருக்கிற கிளைகால், மேட்டில் இழைகளை ஒட்டி வைக்கிற கரையக்கூடிய பசை, இவை உள்ளே வந்த தண்ணீரில் கரைந்து கெட்டியான கரைசல் ஆகும். சவ்வூடு பரவல் வழியாக வெளித் தண்ணீரை மேலும் மேலும் இழுக்கும். கொப்புளம் எழும்பும். உடைத்தால் வினிகர் வாடை அடிக்கும். சூடான தண்ணீரில், அதிலும் நன்னீரில், இது சீக்கிரம் வரும். சரியாக இறுகின ரெசினில் வருவது அரிது.

"நமக்கு ஏதுடா குளிரு? மார்கழியில ஸ்வெட்டர் போடறதோட சரி" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்டு. நம் கடற்கரையில், ஒவ்வொரு விசைப்படகின் வயிற்றிலும் உண்டு. மீன் போட்டு வைக்கிற ஐஸ் அறை! தெர்மோகோலோ பி.யூ. நுரையோ அடைத்து, உள்பக்கம் ஃபைபர் பூசியிருப்பார்கள். கடலில் இருக்கும் வரை நாள்கணக்கில் ஐஸும் ஐஸ் உருகின தண்ணீரும். கரைக்கு வந்து காலி செய்தால் மேலே வெயில். சுழியத்தில் இருந்து நாற்பது டிகிரி, மறுபடி சுழியம். குளிர், ஈரம், சுருக்கம், விரிவு எல்லாம் ஒரே இடத்தில்.

பயிற்சிக்காக நான் கொஞ்ச நாள் ஒரு படகுப் பட்டறையில் இருந்தேன். ஊர் பேரும் முதலாளி பேரும் இங்கே வேண்டாம். ஐஸ் அறையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டார்கள். வெட்டின விளிம்பில் இழை முனைகள் துருத்திக்கொண்டு தெரிந்தன. அந்த முனைகளுக்கு ரெசின் பூசாமலே குழாயைச் செருகினார்கள். "அண்ணே, இதுக்கு மேல ஒரு கோட் வேண்டாமா? இழை வழியா தண்ணி ஏறிடுமே" என்று கேட்டேன். ரோலர் பிடித்திருந்த அண்ணன் சிரித்தார். "ஏறும் தம்பி. எனக்குத் தெரியாதா? இன்னிக்குச் சாயங்காலம் இது இறங்கணும்னு சொல்லிட்டாங்க. உள்ளாற குனிஞ்சு யாரு பாக்கப் போறா?" கேட்டலிஸ்ட் அளந்தது பாட்டில் மூடியால். வானம் மூடி, தூறல் சிந்திய நாளிலும் அதே மூடி, அதே அளவு. (கேட்டலிஸ்டையும் ஆக்ஸலரேட்டரையும் நேரடியாக ஒன்றாய்க் கலந்தால் வெடிக்கும் என்ற எச்சரிக்கை மட்டும் சுவரில் இருந்தது. இங்கிலீஷில்!)

அந்த அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் கையில் தராசும் இல்லை, வெப்பமானியும் இல்லை, நேரமும் இல்லை. அந்த விளிம்பு வழியாகத் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி நுரைக்குள் ஏறும். நுரை தடுக்கிற வெப்பத்தைத் தண்ணீர் சுமார் இருபது மடங்கு வேகமாகக் கடத்திவிடும். ஐஸ் சீக்கிரம் உருகும். நாலு நாள் தங்க வேண்டிய படகு மூன்றாம் நாளே திரும்பும், இல்லாவிட்டால் மீன் குழைந்து கரைக்கு வரும். ஏலத்தில் விலை விழும். கடன் வாங்கி அந்தப் படகை வாங்கினவர், "ஃபைபரே இப்படித்தான் போல" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். ஒரு கப் ரெசின், பதினைந்து நிமிஷ வேலை. அவ்வளவுதான் மிச்சம் பிடித்தது.

அந்தப் பட்டறைக்கு சூபர்வைசராகப் போகப் போவது யார்? பி.இ. படித்தவர் டிசைன் ஆபீஸுக்குப் போவார். ரோலர் பிடிக்கிற அண்ணனுக்கும் முதலாளிக்கும் நடுவில் நின்று, "இந்த விளிம்பு மூடாமல் படகு இறங்காது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் டிப்ளமோக்காரன்தான் நிற்பான். சொல்ல வேண்டுமானால் அவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுக்கிற பரப்பு இன்னும் இறுகவில்லை என்று தெரிய வேண்டும். ஒரு ரூபாய்க் காசால் தட்டினால் 'டங்' என்பதற்குப் பதில் 'டொக்' என்கிற இடத்தில் அடுக்கு விட்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். கைக்கடக்கமான பார்கால் கடினமானி ஒன்று வைத்து இறுகலை எண்ணாகவே எழுதலாம். இதில் எதுவும் நம் செய்முறைத் தேர்வில் இல்லை. இரும்புக் கம்பியை இழுத்து அறுப்பதிலேயே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

பாடத்திட்டத்தை மாற்று என்று மனுக் கொடுத்தால் நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் வரும். அதனால் கேட்காமலே செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். கெட்டுப்போவதைப் பற்றிய புராஜெக்ட் ஒரு செமஸ்டரில் முடியாது. தண்ணீர் நம் தேர்வு அட்டவணைப்படி ஊறுவதில்லை. ஆகவே இந்த புராஜெக்ட்டை ஒரு பேட்ச் ஆரம்பித்து, அடுத்த பேட்ச்சுக்குக் கைமாற்றிவிட வேண்டும். சீனியரிடம் டிராஃப்டர் வாங்கிக்கொள்கிற மாதிரி!

நானும் இன்னும் மூன்று நண்பர்களும் ஆரம்பித்துவிட்டோம். கண்ணாடி மேட், பாலியெஸ்டர் ரெசின், கையால் போட்ட லேமினேட். சரியாக இறுக்கி விளிம்பு மூடியவை நாலு, விளிம்பு மூடாதவை நாலு, மழை நாளில் அளவு பாராமல் கலந்தவை நாலு. பகலில் வாளித் தண்ணீர், ராத்திரி கேன்டீன் ஐஸ்கிரீம் பெட்டியின் அடித்தட்டு. அயல்நாட்டு லேபில் கான்கிரீட்டை மைனஸ் 18 வரை இறக்கி ஏற்றி 300 தடவை உறைய வைப்பார்கள். எங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், அதிலும் ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் லீவு. எடை பார்க்க வாரம் ஒரு தடவை கெமிஸ்ட்ரி லேப் தராசைத் தர சார் சம்மதித்திருக்கிறார். கேன்டீன் அண்ணனுக்கு ஒரே ஒரு நிபந்தனை, துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டித்தான் வைக்க வேண்டும்.

ஏப்ரலோடு நாங்கள் போய்விடுவோம். நோட்டும் பன்னிரண்டு துண்டுகளும் ஒர்க்ஷாப் ஸ்டோர் ரூம் அலமாரியில், மேல்தட்டில் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளில் யாராவது இருவர், தேர்வு விடுமுறைக்கு முன்னால் வந்து சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.